டியூ லிஸ்ட்

மார்ச் 4
எச்.ஐ.வி. மாத்திரை வாங்க வரவேண்டிய நாள் தாண்டியவர்கள் லிஸ்டில் பெயிண்டர் பெயர் மறுபடியும். போன் சுவிட்ச் ஆஃப்.

மார்ச் 6
பெரும்பாக்கம் போய் வந்தேன். கூவம் கரையில் இருந்தவரைக்கும் பெயிண்டர் காலையிலேயே மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்கு ஓடிவிடுவார். குடிசையை எடுத்து இங்கே கொண்டுவந்து விட்டபிறகு, மாத்திரை வாங்கும் நாள் என்றால் அன்றைக்குக் கூலி கிடையாது. சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் இல்லை. அவருக்கு உண்டு. மனைவியை அனுப்பி வாங்கச் சொல்லலாம். ஆனால் மனைவிக்குத் தெரியாதே.

அவர் வீட்டில் இல்லை. அவள்தான் இருந்தாள். "எங்கேர்ந்து வர்றீங்க?" என்றாள். டிபி ஆபீஸ் என்றேன். பாதி உண்மை, அவருக்கு டிபியும் இருக்கிறது. "உக்காருங்கக்கா" என்று டீ போட்டுக் கொடுத்தாள்.

2017 எச்.ஐ.வி. சட்டப்படி வாழ்க்கைத் துணைக்குச் சொல்லலாம். ஆனால் டாக்டரோ கவுன்சிலரோதான் சொல்லலாம். அதுவும் முதலில் அவரையே சொல்லவைக்கப் பார்த்து, அவர் சொல்லவே மாட்டார் என்று தெரிந்து, நாங்கள் சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரிவித்த பிறகு. சொன்னால் அவளுக்கு அடி விழும் என்றால் அதுவும் கூடாது. என்னைப் போல வீடு வீடாக அலைகிறவள் வாயே திறக்கக்கூடாது. சரியான சட்டம்தான். என் விஷயத்தில் யாராவது வாயைத் திறந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன்? ஆனாலும் எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிறபோது சட்டம் தொண்டையில் நிற்கிறது.

மார்ச் 7
அந்த டீயில் சர்க்கரை தூக்கல். அதையே ஏன் நினைத்துக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 10
சிந்தாதிரிப்பேட்டை குழந்தைக்குப் பதினெட்டு மாதம் முடிந்துவிட்டது. அம்மாவிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றியதா என்று பார்க்கும் கடைசி டெஸ்ட். ஆறாவது வாரம் குதிகாலில் குத்தி அட்டையில் ரத்தம் எடுத்தபோது நெகட்டிவ். அதற்குப் பிறகும் தாய்ப்பால் குடித்த பிள்ளை, இதைப் பார்த்தால்தான் முடிவு. இன்றைக்குக் காய்ச்சல் என்று கூட்டி வரவில்லை. காய்ச்சல் நிஜமா, பயமா?

மார்ச் 11
ஒன்பது மணி. என் மாத்திரை.

மார்ச் 14
பெயிண்டர் வேறு யாரோ போனிலிருந்து கூப்பிட்டார்! டிபி மாத்திரை விடாமல் சாப்பிடுகிறாராம். எச்.ஐ.வி. கூட்டு மருந்தும் மிச்சம் இருக்கிறதாம். ராத்திரி போடுகிற ஒற்றை மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டார். "அதுல இருக்கறதுதானேக்கா இதுலயும் இருக்கு, எதுக்கு ரெண்டு தபா?" டிபி மருந்தில் இருக்கிற ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிரை உடம்பில் தங்கவிடாமல் சீக்கிரம் கரைத்துவிடும், அதனால்தான் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு ஐம்பது மில்லிகிராம் என்றேன். "சரிக்கா" என்றார். அந்தச் சரியை நம்புவதா?

பாட்டில் பஸ்ஸில் சலசலக்கிறது என்று முன்பெல்லாம் பஞ்சு அடைத்து எடுத்துப் போவார். இப்போது பாட்டிலே வேண்டாம் என்று விபூதி டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறாராம்.

மாத்திரை வாங்கும் இடத்தைத் தாம்பரத்துக்கு மாற்றித் தருகிறேன், பக்கம்தானே என்றேன். "அங்க எங்க பிளாக் ஆளுங்க வருவாங்க." எச்.ஐ.வி.க்கு இலவச மருந்து 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆரம்பித்த இடங்களில் தாம்பரமும் ஒன்று. அந்த வருடமே அங்கே வரிசையில் நின்ற ராயபுரம் பெரியவர் இன்றைக்கும் எங்களுக்கு அல்வா வாங்கி வருகிறார். அவரிடம் போய் வெட்கம் பற்றிப் பேசிப் பார்க்கட்டும் இந்தப் பெயிண்டர்.

மார்ச் 17
நெகட்டிவ்! நெகட்டிவ்! பிள்ளை என் ஐடி கார்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா அழுகிற அழுகையைப் பார்த்து லேப் தம்பி பயந்துவிட்டான். மத்தியானம் எல்லோருக்கும் பிரியாணி, என் செலவு.

மார்ச் 19
பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு மேடம் 1986 கதை சொன்னார். டாக்டர் சுனிதி சாலமன், அவரிடம் படித்த நிர்மலா, டெஸ்டுக்காக வேலூருக்கு ரயிலேறிப் போன ரத்தம், இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. பாசிட்டிவ்கள். நன்றாகத்தான் சொன்னார். அந்த ரத்தம் காப்பகத்தில் இருந்த பெண்களுடையது. எதற்கு எடுக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமா? கேட்க வாய் வரவில்லை. பெரும்பாக்கம் முகம் வந்து நின்றது.

மார்ச் 23
31-ஆம் தேதியோடு எங்கள் எல்லோருக்கும் ஒப்பந்தம் முடிகிறது. ரினியூவல் பற்றி மூச்சே இல்லை.

மார்ச் 24
காசநோய் தினம், பெரும்பாக்கத்தில் கேம்ப். கூட்டத்தில் "டிபி ஆபீஸ் அக்கா!" என்று கையைப் பிடித்தாள். ஒரு மாதமாக இருமலாம். சளி டப்பா கொடுத்து அனுப்பினேன். டிபி சந்தேகம் என்று வருகிற எல்லோருக்கும் எச்.ஐ.வி. டெஸ்டும் உண்டு, சம்மதம் கேட்டுத்தான். நாளைக்கு நம்பிக்கை மையத்தில் அவளிடம் கேட்பார்கள். கேட்கட்டும்.

மார்ச் 25
அவள் வரவில்லை.

மார்ச் 27
பெயிண்டர் வந்தார், தனியாக. கவுன்சிலர் மேடம் ஒரு மணி நேரம் பேசினார். உள்ளே என்ன நடந்தது என்று கேட்கவில்லை. வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், "ஞாயித்துக்கிழமை சொல்லிடறேன்" என்றார்.

மார்ச் 30
அவளே போன் பண்ணினாள். நம்பர் யார் கொடுத்தது? "அக்கா, அந்த விபூதி டப்பால இருக்கறது டிபி மாத்திரை மட்டுந்தானா?" நேரில் வா, பேசலாம் என்றேன். நாளைக்குப் பத்து மணிக்கு வருகிறாள். அதற்குள் மேடம் அவரிடம் பேசியாக வேண்டும், அதுதான் முறை. அவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சைட்டில் இருக்கிறாராம்.