பர்மோரிலும் சத்ராடியிலும் மரக்கோயில் தரிசனம்

இமாசலப் பிரதேசத்தில் மணிமகேஷ் ஏரிக்கு யாத்திரை போகிறவர்களுக்கு பர்மோர் ஓர் இரவு தங்கும் ஊர். மேலே பர்மாணி மாதா குளத்தில் முழுக்கு, சௌராசி கோயில் வளாகத்தில் ஒரு சுற்று, விடிந்ததும் மலை நடை தொடங்கும் ஹட்சர். அந்த ஒரு சுற்றில் கண்கள் நடுவில் கோபுரம் போல் உயர்ந்த சிகரம் கொண்ட மணிமகேஷ் கோயிலுக்கும் அதன் முன் நிற்கும் பித்தளை நந்திக்கும் போய்விடும். அதே வளாகத்தில் வீடு போல அடக்கமாக இருக்கும் லட்சணா தேவி கோயிலுக்குப் பலர் இரண்டு நிமிடம்கூடக் கொடுப்பதில்லை. இந்தியாவில் இன்றும் நிற்கும் மிகப் பழைய மரவேலைகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது.

இந்த மலைநாட்டை ஆண்ட மேருவர்மன் காலம், ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதி. அந்த நூற்றாண்டின் முற்பகுதியில்தான் நம் பக்கம் பல்லவன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குகை குடைந்து, செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தேன் என்று கல்வெட்டு வைத்தான். அவன் தவிர்த்த மரக்கோயில்கள் எப்படி இருந்திருக்கும் என்று காட்ட நம்மிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. மழையும் கரையானும் கொண்டுபோயின. இமயத்தின் மடியில் தேவதாரு மரம், குளிர், நல்ல கூரை மூன்றும் சேர்ந்து சிலவற்றைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

சம்பாவிலிருந்து ராவி ஆற்றை ஒட்டியே சாலை. காராமுக்கில் ராவியை விட்டு புதில் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் திரும்பினால், சுமார் 7,000 அடி உயரத்தில் பர்மோர். பழைய பெயர் பிரம்மபுரம். தலைநகர் சம்பாவுக்கு மாறும்வரை அரசிருக்கை இதுதான்.

லட்சணா தேவியை உள்ளே போய் வணங்குவதற்கு முன் வாசலுக்கு வெளியே சற்று நில்லுங்கள். சிலேட்டுக் கல் வேய்ந்த சரிவுக் கூரை, கல்லும் மண்ணும் வைத்த சுவர். முகப்பு மட்டும் முழுக்கச் செதுக்கிய தேவதாரு. நிலைக்காலின் அடியில் கங்கையும் யமுனையும், அடுக்கடுக்கான சட்டங்களில் கொடியும் தெய்வ உருவங்களும், மேலே முக்கோண முகடு. ஆனால் முகங்கள் பல தேய்ந்து, மூக்கும் உதடும் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். உள்ளே நுழைந்து தூண்களையும் அவற்றின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகைகளையும் தாமரை செதுக்கிய விதானத்தையும் பாருங்கள். அதே காலம், அதே மரம். இலை நரம்பு வரை தெளிவாக இருக்கிறது. வெளியே இருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் வித்தியாசம், தலைக்கு மேல் எத்தனை அடி கூரை நீள்கிறது என்பது மட்டுமே.

தேய்மானம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் இரண்டு வேறு வேலை. முதலாவது வெயில். மர நார்களை ஒட்டவைத்திருக்கும் லிக்னினை வெயிலின் புற ஊதாக் கதிர் சிதைக்கிறது. அடுத்த மழை அதைக் கழுவுகிறது. நார் தளர்ந்து சாம்பல் நிறமாகிறது. இது மேல்தோலில் மட்டும் நடப்பது. இப்படி தேவதாரு போன்ற மென்மர வகையில் திறந்தவெளிச் செங்குத்துப் பரப்பு நூறு ஆண்டுக்கு 5 முதல் 6 மில்லிமீட்டர் வரை குறையும் என்பது பொதுவான கணக்கு. பதின்மூன்று நூற்றாண்டு முழுக்கக் கூரையில்லாமல் நின்றிருந்தால் இந்த முகப்பில் ஒரு விரல்கூட மிஞ்சியிருக்காது. சாம்பல் நிறத்தைப் பார்த்து “மரம் போச்சு” என்பவர்கள் அதிகம். அது உளுத்த மரம் கிடையாது. பளபளவென்று வார்னிஷ் பூசிய மரம்தான் சந்தேகத்துக்குரியது.

இரண்டாவது பூஞ்சை. அதற்கு வெயில் வேண்டாம், நீர் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழ் இருக்கும்வரை பூஞ்சை எழாது. 28, 30 சதவீதத்தைத் தொட்டு வாரக்கணக்கில் அங்கேயே நின்றால் உள்ளிருந்து தின்னத் தொடங்கும். பழுப்பாகி, குறுக்கும் நெடுக்கும் கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். தேவதாருவின் நடுவிலுள்ள வைரப் பகுதியில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் பூச்சியும் பூஞ்சையும் எளிதில் அண்டாது. சுற்றியுள்ள வெள்ளைப் பகுதிக்கு அந்தக் காவல் கிடையாது. பழைய தச்சர்கள் வெள்ளையைச் செதுக்கித் தள்ளிவிட்டு வைரத்தை மட்டும் வைத்ததற்கு இதுதான் காரணம். இன்று பழுது பார்க்கும்போது அவசரத்தில் வெள்ளையோடு சேர்த்துப் போட்டால், புதுத் துண்டுதான் முதலில் இற்றுப்போகும்.

நீர் எங்கே நுழையும் என்பதை வலம் வரும்போதே கண்டுகொள்ளலாம். அடிச் சட்டத்தைத்தான் முதலில் பாருங்கள். கூரை விளிம்பான இறவாணத்திலிருந்து விழும் துளி தரையில் மோதி ஓரடி உயரம் வரை தெறிக்கும். முற்றத்தை சிமெண்டால் மெழுகியிருந்தால் தெறிப்பு இன்னும் கூடும், நீரும் வடிய இடமிராது. அடுத்தது குறுக்கே அறுத்த முனைகள். மரத்தின் பக்கவாட்டைவிட அறுத்த முனை பல மடங்கு வேகமாக நீர் குடிக்கும். உத்தரத்தின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு மூடுபலகை இருக்க வேண்டும். மிக மோசமான இடம் கண்ணுக்குத் தெரியாது: உத்தரம் சுவருக்குள் போய் உட்காரும் பகுதி. மேலே சிலேட்டை இறுக்கிய இரும்பாணி துருப்பிடித்து ஒரே ஒரு கல் நழுவினால் போதும். சொட்டுநீர் நேராக அந்தப் பொந்துக்குள் இறங்கி ஆண்டுக்கணக்கில் காயாமல் கிடக்கும். வெளியே பார்க்க உத்தரம் கம்பீரமாக இருக்கும். சுத்தியல் பிடியால் தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும். குத்தூசி தடையில்லாமல் இறங்கும். இதெல்லாம் பராமரிப்பவர்கள் செய்யும் சோதனை. பக்தர் யாரும் கோயில் மரத்தில் ஊசி வைத்துப் பார்க்க வேண்டாம்.

பழுதுபார்ப்பின் வரிசையும் இதிலிருந்தே வருகிறது. கூரையை அடைத்து, நீரை வெளியேற்றி, மரத்தை மெதுவாகக் காயவிட்ட பிறகுதான் உளியைத் தொட வேண்டும். உளுத்த பகுதியை மட்டும், நல்ல மரம் தட்டுப்படும்வரை வெட்டி எடுப்பார்கள். ஒட்டு சாய்வாக இருக்க வேண்டும், அந்தச் சாய்வும் நீர் வெளியே வழியும் பக்கம். புதுத் துண்டு அதே தேவதாரு, அதே நாரோட்டம், பழைய மரத்துக்கு நெருங்கிய ஈரப்பதம். பச்சை மரத்தை வைத்தால் காயும்போது சுருங்கி ஒட்டு வாய் பிளக்கும். இறுக்குவதற்கு மரமுளை. ஈரத்தில் இரும்பாணி துருப்பிடித்து, சுற்றியுள்ள நாரையும் கருக்கி அரித்துவிடும். வெடிப்பில் சிமெண்ட் அல்லது கடினப் பசை திணிப்பது தவறு: மரம் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும், திணித்தது அசையாது, ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழுந்து நீர் உள்ளே சிறைப்படும். வார்னிஷும் அப்படித்தான்.

போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் நல்லது. ஆனால் மழையில் கரைந்து போகும். கூரைக்கு உட்பட்ட இடத்தில்தான் பயன். பொடியாகும் செதுக்கலுக்கு பராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை 5 முதல் 10 சதவீதக் கரைசலாக ஊட்டுவதுண்டு. ஈரம் நிற்காத பிறகே அதைச் செய்யலாம். தேய்ந்த முகங்களைப் புதிதாகச் செதுக்கி மாற்றுவது பற்றி ஒரே வார்த்தை: கூடாது. தாங்கும் வேலை செய்யும் சட்டத்தை மாற்றலாம். தெய்வ முகத்தைத் தேய்ந்தபடியே விட்டு, மேலே கூரையை நீட்டுவதே முறை.

கருவறையில் தேவி மகிஷாசுரமர்த்தினியாக நிற்கிறாள். வலக்கால் எருமைத் தலைமேல், சூலம் அதன் கழுத்தில், ஒரு கை வாலைப் பிடித்துத் தூக்கியிருக்கிறது. பித்தளைத் திருமேனி. பீடத்தில் மேருவர்மன் பெயரோடு, வார்த்த சிற்பி குக்காவின் பெயரும் பொறித்திருக்கிறது. அரசன் தன் பெயருக்குப் பக்கத்தில் தச்சுக்கும் வார்ப்புக்கும் இடம் விட்டிருக்கிறான். கைகூப்பும்போது குக்காவையும் நினைத்துக்கொள்ளலாம்.

குக்காவின் இன்னொரு தேவி சத்ராடியில். பர்மோரிலிருந்து சம்பா திரும்பும் வழியில், பெருஞ்சாலையிலிருந்து பிரிந்து மலையேறும் கிளைச்சாலை. சக்தி தேவி ஆள் உயரத்துக்குச் சற்றே குறைவு. கையில் வேல், தாமரை, மணி, பாம்பு. கோயிலை முடித்த அன்றே குக்கா முகமண்டபக் கூரையிலிருந்து விழுந்து உயிர்விட்டான் என்பது ஊர் வழக்கு. இங்கே கருவறையைச் சுற்றி மூடிய பிரகாரம், அதன்மேல் நாலா பக்கமும் சரியும் சிலேட்டுக் கூரை. செதுக்கிய வாசல் நிலை அந்தப் பிரகாரத்துக்குள் நிற்பதால் மழை அதைத் தொட்டதில்லை. பர்மோர் முகப்பில் தேடித் தேடிப் பார்த்ததை இங்கே தேடாமலே பார்க்கலாம். இரண்டையும் ஒரே பயணத்தில், பர்மோரை முதலிலும் சத்ராடியைப் பிறகும் தரிசிப்பது நல்லது.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. குங்குமம், நெய், எண்ணெய் எதையும் நிலைக்காலில் பூசாதீர்கள். தூசு படிந்து பாசி பிடிக்கும். வேண்டுதலுக்காக மரத்தில் நாணயம் அறையும் வழக்கம் சில மலைக்கோயில்களில் உண்டு. ஒவ்வோர் ஆணித் துளையும் நீருக்கு ஒரு வழி. விளக்கை அதற்கென வைத்த இடத்தில் மட்டும் ஏற்றுங்கள், தேவதாரு எண்ணெய் மரம், தீயை வாங்கிக்கொள்ளும். காணிக்கை தர நினைப்பவர்கள் கூரைச் செலவுக்கென்று சொல்லிக் கொடுக்கலாம். யாத்திரை கிருஷ்ண ஜெயந்தியிலிருந்து ராதாஷ்டமி வரை, நல்ல மழைக்காலம். மழை பிடித்துக்கொண்டால் வருத்தப்பட வேண்டாம். இறவாணத்துத் துளி எங்கே விழுகிறது, எந்தச் சட்டம் நனைகிறது, எது நனையவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் சரியாகத் தெரியும். சொட்டும் இடம் ஏதாவது கண்ணில் பட்டால் பூசாரியிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.