அப்பா வாங்கிய குத்துவிளக்கு

பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டு இறங்கிப் படகுத்துறைக்கு நடக்கும்போதே பினாங்கு மலை தெரிந்துவிடுகிறது. 833 மீட்டர் உயரத்துக்குக் கருங்கல். அப்பா உடன் இருந்திருந்தால் அங்கேயே பாடம் தொடங்கியிருக்கும். "அது மிச்சம்தான்டா. மேலே இருந்ததையெல்லாம் மழை கழுவிக்கொண்டு போய்விட்டது" என்பார்.

2023-இல் வந்த புதிய படகுகளில் கார்கள் ஏறுவதில்லை. பழைய படகில் எங்கள் கார் ஏறும்போது பின்பெட்டியில் ஒரு சம்மட்டியும், நடுவில் குழிவிழுந்த இரும்புத் தட்டும், கம்பிச் சுருள்களும் உருளும். என் நண்பர்களின் கார்களில் பந்தும் பாயும் இருந்தன.

அப்பா புவி இயற்பியலாளர். பால்மரம் வெட்டிய தாத்தா, "என் மகன் பூமிக்கு நாடி பார்க்கிறான்" என்று தோட்டத்தில் சொல்லிக்கொள்வாராம். வேலையும் ஏறக்குறைய அதுதான். தட்டைத் தரையில் வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிக்க வேண்டும். வரிசையாக ஊன்றிய 24 ஜியோபோன்கள், அதிர்வு தங்களை எப்போது வந்தடைந்தது என்று பதிவு செய்யும். தளர்ந்த மண்ணில் அது நொடிக்குச் சில நூறு மீட்டர்தான் ஓடும். உறுதியான கருங்கல்லில் 5,000 மீட்டர் அளவுக்குப் பாயும். அந்த வேகத்தைக் கொண்டு பாறை எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று கணக்கிடுவார். பள்ளி விடுமுறையில் அடிக்கும் வேலை எனக்கு. அடித்துவிட்டுச் சிலையாக நிற்க வேண்டும். கால் மாற்றி வைத்தால் அதையும் கருவி கேட்டுவிடும். "அசையாதே" என்ற சொல்லை அப்பாவின் குரலில் அல்லாமல் என்னால் இன்றும் நினைக்க முடிவதில்லை.

கருங்கல் மலைச்சரிவில் ஒரு தொல்லை உண்டு. மண்ணுக்குள் வீட்டளவு உருண்டைக் கற்கள் புதைந்திருக்கும். துளையிடும் கருவி அதில் முட்டியதும் அடிப்பாறை வந்துவிட்டது என்று நம்பித் தூணை நிறுத்திவிடுவார்கள். ஓரிடத்தில் மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு எதையும் நம்பாதே என்பார்.

இவ்வளவு சந்தேகப்படுகிறவர், ஞாயிற்றுக்கிழமை காலையானால் லோரோங் கூலிட் சந்தைக்குப் போய்ப் பழைய பொருள்களை வாங்கிக் குவித்தார். மன்னர் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட சதுர ஒரு காசு, ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு, பூப்போட்ட எனாமல் தூக்குச்சட்டி, மூடி இல்லாத வெற்றிலைப் பெட்டி. "குப்பைக்கு வாடகை கட்டுகிறோம்" என்பது அம்மாவின் நிரந்தரப் புகார். அம்மா வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: நாச்சியார்கோயில் குத்துவிளக்கு. நூறு வருடத்துக்கு முன் பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் எரிந்தது என்று அப்பா கொண்டுவந்து வைத்தார்.

சந்தை இன்னும் மைதானத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. கித்தான் விரிப்புகள், ஓடாத கடிகாரங்கள், வெயில். அப்பாவுக்குப் பழக்கமான கடைக்காரப் பாயைத் தேடிப் பிடித்தேன். நான் யார் என்று சொன்னதும் முக்காலியை என் பக்கம் தள்ளிவிட்டுத் தே தாரேக் வாங்கிவரச் சொன்னார். அப்பா காலமாகி இரண்டு வருடமாகிறது என்ற செய்தி அவருக்குப் புதிது. சிறிது நேரம் கையிலிருந்த பித்தளைப் பூட்டையே துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு, "அந்த விளக்கு எரிகிறதா, தம்பி?" என்றார்.

எரிகிறது என்றேன்.

"அது பழசு இல்லை."

அப்பா அன்று விளக்கின் தண்டைத் திருகிக் கழற்றினாராம். மரைக்குள் நகத்தை விட்டு எடுத்து முகர்ந்து பார்த்தாராம். காலம் காலமாக எரிந்த விளக்கென்றால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கு கறுத்து இறுகியிருக்க வேண்டும். அவர் நகத்தில் வந்தது செம்மண். பழசாகக் காட்ட யாரோ மண்ணில் புதைத்து எடுத்திருக்கிறார்கள். "எனக்கு விற்றவன் என்னையும் ஏமாற்றியிருக்கிறான். உங்கள் அப்பா சத்தம் போடவில்லை. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, இனிமேல் வாங்கும்போது மரையைப் பாருங்கள் பாய் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்." அதன் பிறகு பாய் எது வாங்கினாலும் அப்பாவின் கண்ணில் காட்டாமல் விற்றதில்லையாம்.

அம்மாவுக்கு மட்டும் ஏன் அந்தச் செட்டியார் கதை? தெரிந்தே வாங்கினேன் என்றால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதுதான் காரணம் என்று முழுதாக நம்பவும் முடியவில்லை.

ஒரு சதுரக் காசை எடுத்தேன். பாய் பணம் வாங்க மறுத்தார். மூன்று வெள்ளியை விரிப்பின் அடியில் செருகிவிட்டு எழுந்தேன். அப்பாவாக இருந்தால் பேரம் பேசி இரண்டில் முடித்திருப்பார்.

திரும்பும் படகில் அம்மாவின் அழைப்பு வந்தது. சாப்பிட்டாயா, வெயிலில் அலைந்தாயா எல்லாம் கேட்டு முடித்து, "நம் விளக்கைப் பற்றி அந்தப் பாய் ஏதாவது சொன்னாரா?" என்றார்.

முப்பது வருடமாக அம்மா நல்லெண்ணெய் ஊற்றுகிறார். இந்நேரம் மரையில் பிசுக்கு நன்றாக ஏறியிருக்கும்.

"பழைய விளக்குதான் அம்மா" என்றேன்.