எலி மருந்தும் எங்க பயாலஜி சாரும்

சார் தவறிட்டாருன்னு குரூப்ல மெசேஜ் வந்ததுல இருந்து இங்க மெல்பர்ன்ல நம்ம ஆளுங்க அவரோட பிரம்பைப் பத்தியும் வெஸ்பாவைப் பத்தியும்தான் பேசுறாங்க. எனக்கு ஞாபகத்துல நிக்கிறது அவர் நடத்துன பரிணாமப் பாடம் ஒன்னு.

மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல நம்ம தோட்டத்துல ரப்பரை அழிச்சு செம்பனை, அதான் பாமாயில் மரம், வெச்ச காலம் அது. ஒரு நாள் பெர்ஹிம்புனான்ல, அதான் ஸ்கூல் அசெம்பிளில, ஒரு வாத்தியார், பேர் வேணாம், மைக்கைப் புடிச்சு, தோட்டத்துப் பிள்ளைங்க மண்டையில ஒன்னும் ஏறாது, வலுத்ததுதான் பொழைக்கும், இயற்கையே அப்படித்தான்னு அத்தனை பேர் முன்னாடியும் சொல்லிட்டாரு. யாரும் தலையே நிமிரல.

சார் கிளாசுக்கு வந்தாரு, புக்கைத் தொறக்கல. செம்பனைக் காட்டுல எலி மருந்து யாரு போடுறதுன்னு கேட்டாரு. எங்கம்மாதான் சார்னு பாதிப்பேர் கை தூக்குனோம். அந்த வார்ஃபரின் கலந்த மெழுகுக்கட்டி. முன்ன மாதிரி எலி சாகுதா? இல்ல சார். ஏன்? மருந்து பழகிடுச்சு சார்னு ஒருத்தன் சொன்னான், அதுக்குத்தான் அவர் காத்துக்கிட்டிருந்த மாதிரி இருந்துச்சு.

"எந்த எலியும் பழகலடா. மருந்து வர்றதுக்கு முன்னாடியே அதைத் தாங்குற குணம் எங்கயோ ஒன்னு ரெண்டு எலிக்குப் பொறப்புலயே இருந்துச்சு. மத்ததெல்லாம் செத்துச்சு, கொழுத்தது பலசாலி எல்லாம் சேர்த்துத்தான். மிச்சமிருந்தது குட்டி போட்டுச்சு, குட்டிக்கும் அந்தக் குணம் வந்துச்சு. இதுல வலுத்தது எது, எளச்சது எது?"

பின்னாடி நான் படிச்சேன், வேல்ஸ்ல வார்ஃபரினைத் தாங்குற எலிங்களுக்கு வைட்டமின் கே அதிகமா தேவைப்படுதாம், மருந்து இல்லாத இடத்துல சாதாரண எலிகிட்ட அதுவே பின்தங்கிப் போயிடும். சார் சொன்னது அப்படியே இருக்கு. இந்த இடத்துக்கு, இந்த நேரத்துக்கு ஒத்துப்போறது, அவ்வளவுதான், உசத்தி தாழ்த்தி எங்கயும் இல்ல.

டார்வின் மாதிரியே இயற்கைத் தேர்வைத் தனியாக் கண்டுபிடிச்ச வாலஸ் பேரை எடுத்தா சார் முகமே மாறிடும். 1854-ல மலாக்கா வந்து குனோங் லேடாங் மலை ஏறுன மனுசன், 1855-ல சரவாக்ல உக்காந்து புது உயிரினம் எப்படி வருதுன்னு எழுதுனவரு, 1858-ல தெர்னாத்தே தீவுல இருந்து டார்வினுக்குக் கட்டுரை அனுப்புனாரு, அந்த வருசம் ஜூலை 1-ல லண்டன்ல ரெண்டு பேரோட எழுத்தையும் ஒன்னா வாசிச்சாங்க. இது டார்வின் போன கலாபகோஸ் தீவுக் கதை மட்டும் இல்ல, நம்ம பக்கத்துக் கதையும்தான்னு சொல்லுவாரு.

ரப்பர் மரத்தைக் காட்டித்தான் பயமுறுத்துவாரு. 1877-ல சிங்கப்பூருக்கு வந்ததே 22 கன்னு, அதுல 9 நம்ம கோலகங்சாருக்கு. அப்புறம் ஒட்டுக்கன்னு வந்துச்சு, ஆர்.ஆர்.ஐ.எம். 600-ங்கிற ரப்பர் ரகம் வெச்ச நெரை பூரா ஒரே மரத்தோட நகல். பிரேசில்ல தோட்டந்தோட்டமா அழிச்ச இலைக்கருகல் நோய் இங்க வந்தா, தாங்குற மரம் ஒன்னாவது இருக்கணும்ல, எல்லாமே ஒன்னா இருந்தா எது மிஞ்சும்னு கேப்பாரு.

எங்களை வெளிய போய்ப் படிங்கடான்னு தள்ளி விட்டதும் அவர்தான். போனோம். ஆனா வெளிய போனவன் உசத்தின்னு அவர் ஒரு நாளும் சொன்னதில்ல. ஊர்லயே நின்னு அப்பா அம்மாவைப் பாத்துக்கிட்ட நம்ம செட் ஆளுங்கதான் கடைசில சாரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் வந்தாங்க, தூக்குனதும் அவங்கதான். சயன்ஸ் படிச்சோம்னு சொல்லிக்கிற நாங்க எல்லாம் இங்க இருக்கோம், எலி மருந்து போடுற அம்மாவோட பிள்ளைக்கு அவங்க அம்மா வேலையை வெச்சே இந்தப் பாடத்தை நடத்த எங்கள்ல ஒருத்தர் கூட அங்க இல்ல.