ஆட்டுக்குட்டி எழுதுகிறேன்

பெயரைப் போட்டால் உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது. ஆட்டுக்குட்டி என்றால் தெரியும். பி செக்ஷன், ஜன்னலோரம், மூன்றாம் பெஞ்சு. நம் பெங்களூர் பள்ளிக்கூடத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பழைய மாணவர் சங்கத்துக்காரர்கள் மூன்று வருஷமாகக் கேட்கிறார்கள், நானும் டொராண்டோவில் பனி அள்ளவே நேரம் போதவில்லை என்று தட்டிக்கழித்து வந்தேன். போன மாதம் வாட்ஸ்அப் குழுவில் வேதபாட சாரின் படம் வந்தது, மாலையோடு.

புதன்கிழமை முதல் பீரியட் வேதபாடம், பைபிள் வகுப்பு. கிறிஸ்தவர் அல்லாத பையன்கள் நல்லொழுக்க வகுப்புக்குப் போய்விடுவார்கள். போகவேண்டியவர்களிலும் இரண்டு மூன்று பேர் கதை கேட்க எங்களோடு ஒட்டிக்கொள்வார்கள், சாரும் கண்டுகொள்ள மாட்டார். அவருக்கு ஒரே பைத்தியம்தான், இயேசுவுக்கு முந்தைய பழைய ஏற்பாட்டில் எங்கே கையை வைத்தாலும் இயேசு அகப்பட வேண்டும். ஈசாக்கு விறகு சுமந்து மலையேறினால் அது சிலுவை. ராகாப் ஜன்னலில் கட்டிய சிவப்பு நூல், இரத்தம். யோனா மீன் வயிற்றில் 3 நாள், ஆண்டவர் கல்லறையில் 3 நாள். யோசேப்பை 20 வெள்ளிக்காசுக்கு விற்றார்கள், ஆண்டவரை 30க்கு. "விலைவாசி ஏறிடுச்சு சார்" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் சொல்லி வாங்கிய அடி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவன் இப்போது துபாயில் ஆடிட்டர்.

1983, ஒன்பதாம் வகுப்பு. அன்றைக்கு போதகர் ஐயா வகுப்பைப் பார்க்க வந்திருந்தார். சார் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். பழைய ஏற்பாட்டில் ஏசாயா 53, பாடுபடும் கர்த்தருடைய தாசனைப் பற்றிய அதிகாரம், அதை என்னை வாசிக்கச் சொன்னார், ஏனென்றால் நான் சர்ச் உபதேசியார் மகன், தடங்கலில்லாமல் வாசிப்பேன். "அடிக்கப்படும்படி கொண்டுபோகப்படும் ஒரு ஆட்டுக்குட்டியைப்போலவும்" என்ற இடம் வந்ததும் நிறுத்தி, "இது யாரைப் பத்தி?" என்றார். எல்லோருக்கும் தெரிந்த விடை, இயேசு. ஆனால் அந்த மாதம்தான் ஓய்வுநாள் பள்ளிப் பரிசுக்காக ஏசாயா 49ஐ மனப்பாடம் செய்திருந்தேன். அதில் மூன்றாம் வசனத்தில் "நீ என் தாசன், இஸ்ரவேலே" என்று கர்த்தரே சொல்லிவிடுகிறாரே. அந்தத் தாசன்தானே இந்தத் தாசனும்? "இஸ்ரவேல் ஜனங்கள் சார்" என்றேன்.

பெஞ்சு மேல் ஏறச் சொன்னார். போதகர் ஐயா சிரித்தார், அதுதான் அடியைவிட வலித்தது. "உபதேசியார் மகனே இப்படின்னா..." என்று சார் முடிக்காமல் விட்டார். பீரியட் முடியும் வரை நின்றேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வசனத்து ஆட்டுக்குட்டி மாதிரி வாயைத் திறவாதிருந்தானாம், அதனால் ஆட்டுக்குட்டி. பட்டம் வைத்தவன் யாரென்று எனக்குத் தெரியும், இதை அவனும் படிப்பான்.

அடுத்த புதன்கிழமை நடந்ததை யாரும் பேசுவதில்லை, அதனால் நான் சொல்கிறேன். சார் போர்டில் ஏசாயா 41:8, 44:1, 49:3 என்று வரிசையாக எழுதினார். மூன்றிலும் தாசன் இஸ்ரவேல்தான். அதற்குக் கீழே 49:6. அதிலே அதே தாசன் இஸ்ரவேலைத் திரும்பக் கொண்டுவருகிறவன். இரண்டும் ஒரே அதிகாரத்தில் இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. மன்னிப்பு என்று ஒரு சொல் கிடையாது.

அந்த நேரம் பார்த்து பியூன் தாத்தாவின் நிழல் வாசலில் விழுந்தது. வராந்தாவில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டுக்கு நேரே நம் வகுப்பு, காலை வெயிலில் ஆள் வருவதற்கு முன்னால் சுத்தியலோடு நிழல் உள்ளே வரும், நாமும் புத்தகத்தை மூடிவிடுவோம். சார் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"நிழலைப் பாத்தே மூடுறீங்களே, முதல் நாள் ஸ்கூலுக்கு வந்தப்ப மூடினீங்களா? ஆளைத் தெரிஞ்ச பிறகுதான்டா நிழலைத் தெரியும். எம்மாவுக்கு நடந்துபோன ரெண்டு சீஷர்களும் மோசே எழுதினதைக் கேட்டு வளந்தவங்கதான், அவங்களுக்கே உயிர்த்தெழுந்த ஆண்டவர் கூட நடந்து விளக்க வேண்டியிருந்துச்சு."

மணி அடித்தது.

1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்களுக்கு எதிராகக் காவிரிக் கலவரம் வந்தபோது வீட்டில் பேச்சு மாறியது. ஊரை விட்டுப் போகிறவன் போகட்டும் என்றார் அப்பா. இரண்டு வருஷத்தில் விமானம் ஏறினேன்.

டொராண்டோவில் என்னோடு வேலை பார்க்கும் யூதர் ஒருவர் ஒரு வருஷம், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா விருந்துக்குக் கூப்பிட்டார். தட்டில் ஒரு எலும்பு வைத்திருந்தார்கள். ஆட்டுக்குட்டியின் எலும்பை முறிக்கக்கூடாது என்ற யாத்திராகமச் சட்டமும், சிலுவையில் கால் முறிக்கப்படாததும் சார் குரலிலேயே எனக்குள் ஓடின. அங்கே எகிப்து இருந்தது, செங்கடல் இருந்தது, கதை ராத்திரி வரை போனது, இயேசு மட்டும் வரவே இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ஏசாயா 53 பற்றி மெதுவாகக் கேட்டேன். "அது நாங்கள்தான்" என்றார் சாதாரணமாக. 11ஆம் நூற்றாண்டில் ராஷி என்ற யூத உரையாசிரியர் அப்படித்தான் உரை எழுதியிருக்கிறாராம். பெஞ்சு மேல் ஏறாமலேயே சொல்லிவிட்டார் மனிதர்.

என் விசுவாசம் ஒன்றும் ஆடவில்லை, நான் இன்னும் சார் பக்கம்தான். ஆனால் அந்த ராத்திரியே அவருக்குப் போன் போட்டு, அந்த இரண்டாவது புதன்கிழமை நீங்கள் போர்டில் எழுதிக் கேட்ட கேள்வியோடுதான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லத் தோன்றியது. நம்பர் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழுவில் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் கிடைத்திருக்கும்.

2017ல் பெங்களூர் போனபோது பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தமிழ் மீடியம் இல்லை. வராந்தாவுக்குக் கிரில் போட்டிருக்கிறார்கள், மணி ஸ்பீக்கரில் அடிக்கிறது. தண்டவாளத் துண்டு மட்டும் துருவேறித் தொங்கிக்கொண்டிருந்தது. சார் லிங்கராஜபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார், கண்தான் சரியாகத் தெரியவில்லை, பழைய பசங்க குரலை வைத்தே கண்டுபிடிக்கிறார் என்று வாட்ச்மேன் சொன்னார். மறுநாள் ராத்திரி எனக்கு விமானம். வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். வீட்டில் கொடுத்தனுப்பிய பட்டியல் சட்டைப்பையில் இருந்தது, புடவை, வெள்ளி விளக்கு, இன்னும் என்னென்னவோ. எங்கே சார் என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

கமர்ஷியல் ஸ்ட்ரீட் என்றேன்.