இன்னும் படம் முடியல மாமா

பள்ளி விடுமுறைக்குத் தங்கையின் பிள்ளைகள் இரண்டு பேரும் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பெரியவளுக்கு 14 வயது, சின்னவனுக்கு 9. வந்த அன்று இரவே சாப்பாட்டு மேசையில் சூப்பர் ஹீரோ பேச்சு தொடங்கிவிட்டது. யார் அடித்தால் யார் விழுவார், யார் செத்து எந்தப் படத்தில் திரும்பி வந்தார் என்று ஒரே கணக்கு. நான் ரசத்தைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து போயிருக்கலாம்.

"உங்க படத்துல எவன்தான் ஒழுங்கா சாகறான்? செத்தவன் அடுத்த படத்துல வந்து நிக்கிறான். 1978-ல வந்த சூப்பர்மேன்ல கதாநாயகியே செத்துடுவா. அதோட படம் முடிஞ்சிடும். அந்தத் துணிச்சல் இப்ப எவனுக்கு இருக்கு?" என்றேன்.

"மாமா, ஸ்பாய்லர்!" என்று பெரியவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

நாற்பது வருடம் தாண்டிய படத்துக்கு என்ன ஸ்பாய்லர்? ஆனால் சாவு என்றதும் அவளுக்கு ஆவல் வந்துவிட்டது. மறுநாள் மதியமே படத்தை வாடகைக்கு எடுத்து டிவியில் போட்டேன். அம்மாவும் வந்து உட்கார்ந்தார். மடியில் ஒரு தட்டு நெத்திலி. தலையைக் கிள்ளுவது, வயிற்றைப் பிளந்து கறுப்பை எடுப்பது, கிண்ணத்தில் போடுவது. கண் டிவியில் இருந்தாலும் கை நிற்காது. வயது 76.

பெயர் போட ஆரம்பித்தார்கள். விண்வெளியில் நீல எழுத்துகள் 'விர்ர்' என்று பறந்து வந்தன, போயின, மறுபடியும் வந்தன. ஜான் வில்லியம்ஸ் இசையில் எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. சின்னவன் ரிமோட்டை எடுத்து 'ஸ்கிப் இன்ட்ரோ' பட்டனைத் தேடினான்.

"ஏன் மாமா சூப்பர்மேன் பேர் மூணாவதா வருது?"

நியாயமான கேள்விதான். முதலில் மார்லன் பிராண்டோ, அடுத்து ஜீன் ஹேக்மன், அப்புறம்தான் கிறிஸ்டோபர் ரீவ். பிராண்டோவுக்கு 37 லட்சம் டாலர் சம்பளம், வசூலில் பங்கு வேறு, திரையில் அவர் தெரிவதோ இருபது நிமிடம்கூட இல்லை, ரீவ் அப்போது புதுமுகம் என்று விளக்கினேன். அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். "சிவாஜி பேரைப் போட்டுட்டுத்தான்டா மத்தவங்க பேரைப் போடுவாங்க."

சூப்பர்மேன் பிறந்த கிரிப்டான் கிரகம் வந்தது. எல்லாரும் பளபளவென்று மின்னும் உடையில் நின்றார்கள். சினிமாத் திரைக்குப் பயன்படுத்தும், ஒளியைத் திருப்பியடிக்கும் துணியிலேயே தைத்த உடைகள் அவை. நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் சின்னவன், "அலுமினியத் தாள்ல சுத்தின ஈக்கான் பாக்கார் மாதிரி இருக்காங்க" என்றான். அதன் பிறகு பிராண்டோ எவ்வளவு கம்பீரமாகப் பேசினாலும் எனக்கு மீன்தான் தெரிந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். படம் மெதுவாகத்தான் போகிறது. சூப்பர்மேன் உடை போட்டு ஊருக்குள் இறங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. "எப்ப மாமா பறப்பாரு?" என்று எத்தனை முறை கேட்டான் என்று எண்ணுவதை ஆறாவது முறையோடு விட்டுவிட்டேன். கான்சஸ் கோதுமை வயலும், வளர்ப்பு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும் இடமும் இப்போதும் என் தொண்டையை அடைக்கின்றன. அந்த இடத்தில்தான் பெரியவள் மைலோ கலக்க எழுந்து போனாள்.

அப்புறம் சூப்பர்மேன் தன்னை மறைத்துக்கொண்டு, கிளார்க் கென்ட் என்ற பெயரில் கண்ணாடியோடு பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தான். நான் எதிர்பார்த்த கேள்வியும் கூடவே வந்தது.

"கண்ணாடி போட்டா மட்டும் அவங்களுக்கு அடையாளம் தெரியாதா? லாஜிக்கே இல்ல லா."

நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா நெத்திலியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"எம்.ஜி.ஆர். கன்னத்துல ஒரு மருவை ஒட்டிக்கிட்டு வந்தா நம்பியாருக்கே தெரியாது. இவன் கண்ணாடியாவது போட்டிருக்கான்."

அதற்கு மேல் அங்கே விவாதம் நடக்கவில்லை.

ஹெலிகாப்டர் காட்சிக்காகத்தான் நான் காலையிலிருந்தே காத்திருந்தேன். கட்டட உச்சியில் கதாநாயகி லோயிஸ் லேன் தொங்குகிறாள். கீழே கிளார்க் பார்க்கிறான், உடை மாற்ற இடம் தேடுகிறான். ஓடிப்போய் ஒரு பொதுத் தொலைபேசி முன்னால் நிற்கிறான். அது கூண்டு இல்லாத, கம்பத்தில் மாட்டிய வெறும் போன். மேலும் கீழும் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறான். நான் தொடையில் தட்டிச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"அது என்ன மெஷின் மாமா? ஏன் அதை மொறைக்கிறாரு?"

படத்தை நிறுத்தினேன். அந்தக் காலத்தில் தெருவோரம் போன் இருக்கும் என்றேன். காசு போட வேண்டும். அதற்குக் கூண்டு இருக்கும். காமிக்ஸ் கதையில் சூப்பர்மேன் அதற்குள்தான் உடை மாற்றுவான். 1978-இலேயே கூண்டெல்லாம் குறைய ஆரம்பித்துவிட்டது என்பதுதான் இங்கே நகைச்சுவை. இவ்வளவையும் சொல்லி முடித்ததும் சின்னவன் கேட்டான், "அப்ப உங்க காலத்துல எல்லாரும் ரோட்டுலதான் சட்டை மாத்துவீங்களா?"

விளக்கம் சொல்லித் தேற்ற வேண்டிய நகைச்சுவை அது ஒன்றுதான். அடுத்த நிமிடமே சூப்பர்மேன் பறந்துபோய் விழுபவளைப் பிடித்து, "உங்களைப் பிடிச்சிட்டேன்" என்கிறான். "உங்களை யார் பிடிச்சிருக்கா?" என்று அவள் அலறுகிறாள். பிள்ளைகள் இரண்டும் சோபாவில் உருண்டு சிரித்தன.

பறக்கும் காட்சிகள் நிற்கின்றனவா என்று கேட்டால், பெரும்பாலும் நிற்கின்றன. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கைகொடுக்காத காலம். ஸோரன் பெரிஸிக் என்பவர் கேமராவிலும் புரொஜெக்டரிலும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்து நகரும் ஜூம் லென்ஸ்களை மாட்டி, ஒரே இடத்தில் இருக்கும் ரீவை நம்மை நோக்கிப் பறந்து வருபவராகக் காட்டினார். ஆஸ்காரும் கிடைத்தது. ஆனால் கடைசியில் அணை உடைகிற இடத்தில் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அணையைச் சின்னதாகக் கட்டலாம், தண்ணீர்த் துளியைச் சின்னதாக்க முடியாதே. "இது பொம்மை" என்றான் சின்னவன், மைலோவை உறிஞ்சியபடி. நானும் மறுக்கவில்லை. இரவு வானத்தில் இருவரும் பறக்கும்போது லோயிஸ் மனசுக்குள் கவிதை பேசுகிற இடத்தில் பெரியவள் என்னைப் பார்த்தாள், நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

மரத்தில் ஏறிய பூனையை சூப்பர்மேன் இறக்கிக் கொடுப்பான். அந்தச் சின்னப் பெண் வீட்டுக்குள் ஓடிப்போய், ஆள் பறந்து வந்தார் என்று சொல்வாள். பொய் சொல்கிறாயா என்று உள்ளே ஓர் அறை விழும் சத்தம் கேட்கும். பெரியவள் அதிர்ந்துபோனாள். "அடிச்சிட்டாங்க! இதை எப்படி ஜோக்குன்னு வச்சாங்க?" அம்மா மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பெரியவள் பாட்டியை ஒரு மாதிரி பார்த்தாள். "உன் மாமாவைக் கேளு" என்றார் அம்மா. நான் மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தேன்.

வில்லன் லெக்ஸ் லூதரின் திட்டத்தை மட்டும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாலைவனத்தில் மலிவாக நிலம் வாங்குவது, ஏவுகணையால் கலிஃபோர்னியாக் கடற்கரையையே கடலுக்குள் தள்ளுவது, அப்புறம் தன் நிலத்தைக் கடலோர மனை என்று விற்பது. எங்கள் அடுக்குமாடியின் பெயரில்கூட ஏரி இருக்கிறது. குடிவந்து 20 வருடமாக அந்த ஏரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். லூதராவது கடலை நெஜமாகவே கொண்டுவரப் பார்த்தான்.

படத்தில் எனக்கு இப்போது பிடித்த இடம், சின்ன வயதில் கவனிக்கவே கவனிக்காத ஒன்று. லோயிஸோடு பறந்துவிட்டு வந்து, அவள் வீட்டு வாசலிலேயே கிளார்க்காக வந்து நிற்கிறான். அவள் உள்ளே போன நேரத்தில் கண்ணாடியைக் கழற்றுகிறான். கூன் நிமிர்கிறது. தோள் விரிகிறது. குரல் இறங்குகிறது. ஒட்டு வேலை இல்லை, வெட்டு இல்லை, ஆள் நம் கண்முன்னே இரண்டு அங்குலம் வளர்ந்தாற்போல் இருக்கிறது. உண்மையைச் சொல்ல வாய் திறக்கிறான், தைரியம் வரவில்லை. கண்ணாடி மூக்குக்குத் திரும்புகிறது, தோள் சுருங்குகிறது, பழைய அசடு வந்துவிடுகிறது. அவ்வளவுதான். பெரியவள் ரிமோட்டைப் பிடுங்கிப் பின்னால் ஓட்டினாள். மறுபடி பார்த்தாள். மறுபடியும் ஓட்டினாள். "ஓகே, கண்ணாடி மேட்டர் ஓகே" என்றாள். அம்மாவுக்கு மருவே போதுமாக இருந்தது, இவளுக்கு ரீவ் தேவைப்பட்டார்.

நிலநடுக்கத்தில் தண்டவாளம் உடைய, ரயில் வர, உடைந்த இடத்தில் சூப்பர்மேன் தானே தண்டவாளமாகப் படுத்துக்கொண்டான். அப்போதுதான் அம்மாவின் கை முதல் முறையாக நின்றது. அப்பா செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். "உங்கப்பா பார்த்திருந்தா தண்டவாளத்தைச் சேர்க்கிற ஃபிஷ் பிளேட் எங்க, போல்ட்டு எங்கன்னு கேட்டிருப்பாரு" என்றார். சற்று நேரம் கழித்து, "பாவம், முதுகு என்னத்துக்காகும்" என்று மறுபடியும் நெத்திலிக்குத் திரும்பினார்.

மணி நாலைத் தாண்டியிருந்தது. கோலாலம்பூர் மழைக்குக் கடிகாரமே வேண்டாம். ஜன்னல் இருண்டது, முதல் இடி இடித்தது. திரையில் லோயிஸின் கார் மண்ணுக்குள் புதைந்தது. சூப்பர்மேன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவளைத் தூக்கித் தரையில் கிடத்துகிறான், வானத்தைப் பார்த்துக் கத்துகிறான். என் கண் கலங்கிவிட்டது. சின்னவன்கூட மைலோவைக் கீழே வைத்தான்.

"அவ்வளவுதான். சொன்னேன்ல?" என்று எழுந்தேன். அம்மாவும் எழுந்தார். இடி இடித்தால் டிவி பிளக்கைப் பிடுங்குவது அவருடைய ஐம்பது வருடச் சட்டம்.

"இன்னும் படம் முடியல மாமா" என்றான் சின்னவன். "கீழ பாருங்க, பத்து நிமிஷத்துக்கு மேல இருக்கு."

"அது பேர் போடறதுடா."

"அதையும் பார்க்கணும். கடைசியிலதான் சீன் வைப்பாங்க."

பாட்டிக்கும் பிளக்குக்கும் நடுவில் பெரியவள் போய் நின்றுகொண்டாள். நான் ஏளனமாகச் சிரித்தபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

சூப்பர்மேன் பறந்தான். பூமியைச் சுற்றினான். சுற்றிக்கொண்டே இருந்தான். பூமி நின்றது. பின்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. புதைந்த கார் வெளியே வந்தது. செத்தவள் உயிரோடு உட்கார்ந்து, கார் ஓடவில்லை என்று அவனிடமே சிடுசிடுத்தாள்.

வீட்டில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளைகள் இரண்டும் டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தன.

"இது... புதுசா எடுத்துச் சேர்த்திருக்கான்" என்றேன்.

பெரியவள் போனைத் தட்டினாள். இரண்டாம் பாகத்துக்கென்று யோசித்து வைத்திருந்த முடிவைத்தான் எடுத்து முதல் பாகத்திலேயே வைத்துவிட்டார்களாம். 1978-இலேயே இந்த முடிவுதான். நாற்பது வருடமாகப் பள்ளி நண்பர்களிடமும் ஆபீஸ் தோழர்களிடமும் ஒரு டீக்கடை பாக்கிவிடாமல் நான் புகழ்ந்த துணிச்சல், அந்தப் படத்தில் பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. பின்னால் வந்த பாகங்களில் லோயிஸ் உயிரோடு நடமாடியதை நானும் பார்த்தேன்தான். அது வேறு கதை என்று எனக்கு நானே முடிவுகட்டியிருந்தேன்.

"பூமியை நிறுத்தினா எல்லாரும் தூக்கி வீசப்பட்டிருப்போம். சயின்ஸ் டீச்சர் சொன்னாங்க" என்றான் சின்னவன்.

"நளாயினி சூரியனையே உதிக்காதேன்னு சொல்லலியா?" என்றார் அம்மா. "சாவித்திரி எமன் பின்னாடியே நடந்து புருஷனைக் கூட்டிட்டு வந்தா. இவன் உலகத்தைச் சுத்தி வந்து கூட்டிட்டு வரான். ஆம்பளைங்க இப்பதான் கத்துக்கறாங்க."

எனக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. 1983. எனக்குப் பத்து வயது. ரயில்வே குவாட்டர்ஸில் பக்கத்து வீட்டு அக்கா வீட்டில்தான் முதல் வீடியோ வந்தது. யாரோ நகல் எடுத்துக் கொடுத்த மூன்று மணி நேர டேப்பில் சூப்பர்மேன். லோயிஸ் மண்ணுக்குள் போன நேரத்தில், கிள்ளானில் ஒரு விசேஷத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று அக்கா எங்களை எழுப்பி விரட்டிவிட்டார். மறுநாள் மறுபடி போட்டோம். சூப்பர்மேன் கத்தினான். திரையில் கோடு கோடாக ஓடியது. உடனே ஒரு தமிழ்க் கதாநாயகி அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். படம் அவ்வளவுதான் என்று பெரிய பையன்கள் சொன்னார்கள். நம்பினேன். இரண்டு அழுகையும் அவ்வளவு பொருத்தமாகச் சேர்ந்திருந்தன.

இதைச் சொல்லி முடித்தபோது அம்மா நெத்திலித் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

"அம்மா."

"என்னடா?"

"அந்த டேப்புல தமிழ்ப் படத்தை யார் பதிஞ்சது?"

நின்றார். திரும்பவில்லை. "அவ கிள்ளான் போறேன், ஆர்.டி.எம். டிவில படம் போடறான், பதிஞ்சு வைங்கக்கான்னா. சாவியைக் குடுத்துட்டுப் போனா. உள்ள ஏதோ டேப் இருந்துச்சு. செவப்பு பட்டனை அமுக்கினேன். எனக்கென்ன தெரியும், உள்ள உன் சூப்பர்மேன் இருக்கான்னு?"

மூன்று மணி நேர டேப். இரண்டு மணி பத்து நிமிடம் எங்களுடையது. மீதி ஐம்பது நிமிடத்தில் எந்தத் தமிழ்ப் படம் அடங்கும்? அந்த அக்காவுக்கும் கடைசி வரை பாதிக் கதைதான் கிடைத்திருக்கிறது.

"என்ன படம் பாட்டி அது?" என்று சின்னவன் கேட்டான்.

"பேரு ஞாபகம் இல்லடா" என்றார் அம்மா. "நான் ஏற்கெனவே பார்த்த படம்தான். நல்லாவே இருக்காது."