கையெழுத்து வாங்கியாச்சு, பயிற்சி முடிஞ்சாச்சு

ஓசூர் சிப்காட் பக்கம் நான் போன கம்பெனிகளில் பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சி பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: வருஷத்துக்கு ஒரு நாள் கேன்டீன் ஹாலில் ப்ரொஜெக்டர் வைத்து, ஆங்கிலத்தில் ஸ்லைடு ஓட்டி, டீ பிஸ்கட் கொடுத்து, கடைசியில் ஒரு ரெஜிஸ்டரைச் சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஆடிட்டுக்கு வருகிறவருக்குக் காட்ட அது போதும். லைனில் நிற்கும் பெண்ணிடம் "ஏதாவது நடந்தா யார்கிட்ட சொல்லுவீங்க?" என்று கேட்டால் "ஹெச்.ஆர்" என்பாள். ஹெச்.ஆரில் யார் என்று கேட்டால் சிரிப்புதான் பதில்.

பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் எதுவானாலும் புகாரை விசாரிக்க ஒரு உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவராக ஒரு மூத்த பெண் ஊழியர், வெளியிலிருந்து ஒருவர், மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். அந்த வெளியாள் வேலையைத்தான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சில இடங்களில் நான் செய்கிறேன். குழு உறுப்பினர்களின் பெயர் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். ஒரு இடத்தில் அந்த நோட்டீஸ் மேனேஜர் அறைக்குள், கதவைத் திறந்தால் கதவுக்குப் பின்னால் மறைந்துபோகிற சுவரில் இருந்தது. அதுவும் ஆங்கிலத்தில். ஓசூரில் தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்கள் உண்டு, ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பெண்கள் உண்டு. பெண்கள் கழிப்பறைப் பக்கம், அவரவர் மொழியில், உறுப்பினர் போன் நம்பரோடு ஒட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.

பெரிய கம்பெனிகளாவது பேருக்காவது செய்கிறார்கள். மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளில் சீசன் ரெண்டு மூணு மாசம்தான், பெண்கள் கான்ட்ராக்டர் மூலமாக வேனில் வருகிறார்கள், சீசன் முடிந்தால் கலைந்துவிடுவார்கள். "இவங்க நம்ம ஆளுங்களே இல்லையேங்க, இவங்களுக்கு எதுக்குப் பயிற்சி?" என்று ஒரு முதலாளி என்னிடமே கேட்டார். சட்டம் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. தினக்கூலி, தற்காலிகம், கான்ட்ராக்டர் மூலம் வந்தவர், பயிற்சிக்கு வந்தவர் எல்லோரும் ஊழியர்தான்.

அங்கே ஒரு பயிற்சியில் பின்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, வேன் டிரைவர் அண்ணன் கம்பெனி ஆளும் இல்ல, மேஸ்திரியும் இல்ல. முன்சீட்ல வந்து உக்காருன்னு தெனம் கூப்பிட்டா அதை எங்க போய்ச் சொல்றது?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மற்றவர்களும் பேச ஆரம்பித்தார்கள், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கடைசியாக இறங்குகிறவளுக்குத்தான் தொல்லை அதிகமாம். முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும் சட்டத்தின் கணக்கில் பணியிடம்தான் என்று சொன்னபோது பல பேருக்கு நம்பிக்கை வரவில்லை. ஸ்லைடு போட்டுக்கொண்டே போயிருந்தால் இந்தப் பேச்சு வெளியே வந்திருக்காது.

என்னைக் கேட்டால் முதலில் பயிற்சி தர வேண்டியது சூப்பர்வைசருக்கும் மேஸ்திரிக்கும்தான். பெண் முதலில் வாய் திறப்பது அவர்களிடம். அங்கே "நீ ஏம்மா தனியா அந்தப் பக்கம் போன?" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அதோடு அவள் வாயை மூடிக்கொள்வாள், குழுவுக்கு எதுவுமே வராது, கம்பெனியும் 'புகார் ஏதும் இல்லை' என்று ஆண்டறிக்கை எழுதிவிடும். அதனால் அவர்களை எதிரெதிரே உட்கார வைத்து, ஒருவர் புகார் சொல்ல, இன்னொருவர் கேட்கச் செய்து பழக்குகிறேன். ஆரம்பத்தில் சிரிப்பார்கள். சாட்சி இருக்கா என்று உடனே கேட்கக் கூடாது, ரெண்டு பேரையும் ஒரே அறைக்குக் கூப்பிட்டுப் பேசி முடிக்கக் கூடாது, அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே குழுவிடம் சேர்க்க வேண்டும். அவளால் எழுத முடியவில்லை என்றால் எழுதித் தர உதவ வேண்டியது குழுவின் பொறுப்பு. அவளாகக் கேட்டால் மட்டும்தான் சமரசம், அதிலும் பணம் கொடுத்து முடிப்பது கிடையாது. நம்மூரில் பஞ்சாயத்துப் பழக்கம் ஊறிப்போனவர்களுக்கு இந்த இடம்தான் ரொம்பக் கஷ்டம்.

எல்லா ஊரிலும் வரும் கேள்வி ஒன்று: "பொய்ப் புகார் கொடுத்தா?" வேண்டுமென்றே பொய் என்று விசாரணையில் தெரிந்தால் நடவடிக்கை உண்டு, ஆனால் நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே அது பொய் ஆகிவிடாது. இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு நேரம் கொடுப்பதில்லை.

பெண்களின் பயம் வேறு. "வீட்டுக்குத் தெரிஞ்சா நாளையிலிருந்து வேலைக்கே விடமாட்டாங்கக்கா." போச்சம்பள்ளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் பெண்ணுக்கு இந்தச் சம்பளம் போனால் தங்கை படிப்பும் போகும். ரகசியம் காப்பதைப் பற்றி அதனால்தான் அதிக நேரம் பேசுகிறேன். விசாரணைப் பொறுப்பில் இருக்கும் யாராவது புகார் கொடுத்தவள் பெயரை வெளியே விட்டால் அவருக்கு 5,000 ரூபாய் அபராதம், அது என்னையும் சேர்த்துத்தான். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு இன்னொரு 3 மாதம் நீட்டிக்கலாம், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த அசிங்கத்தை அழித்துவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முதலாளி மேலேயே புகார் என்றாலோ, 10 பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள், 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கும் போன் செய்யலாம்.

மாம்பழ சீசன் தொடங்கிவிட்டால் யாரையும் உட்கார வைக்க முடியாது, கேட்டில் லோடு லாரி வரிசை கட்டி நிற்கும். அதனால் அடுத்த முறை அதற்கு முன்பே டிரைவர், கான்ட்ராக்டர், மேஸ்திரி எல்லோரையும் ஒன்றாகக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். பெண்களுக்குத் தனியாக ஒரு வகுப்பு. அந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்று ஒத்துக்கொண்டால்தான் வருவேன் என்றும் சொல்லிவிட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார் முதலாளி.