ஆகஸ்டில் உடைந்த கப்பல், டிசம்பரில் அடித்த புயல்

மொரீஷியஸில் எந்தப் பக்கம் போனாலும் போல் என்ற பையனும் விர்ஜினி என்ற பெண்ணும் எதிரே வந்துவிடுகிறார்கள். தலைநகர் போர்ட் லூயியின் புளூ பென்னி அருங்காட்சியகத்தில் போல் அவளைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கிற சிலை இருக்கிறது. க்யூர்பீப் நகரில் அதன் வெண்கல நகல். இருவரும் 1788இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு நாவலின் பாத்திரங்கள். எழுதிய பெர்னார்தேன் தெ சேன் பியேர் அதற்கு இருபது வருடம் முன்பு இந்தத் தீவில் பொறியாளராக இருந்தவர்.

கதை சின்னதுதான். ஒன்றாக வளர்ந்த இரண்டு பிள்ளைகளில் விர்ஜினி பிரான்சுக்குப் போகிறாள். திரும்பி வரும்போது, போலின் கண்ணெதிரே புயலில் கப்பல் உடைகிறது. உடையைக் களைந்தால் நீந்திப் பிழைக்கலாம் என்று ஒரு மாலுமி கெஞ்சுகிறான். நாணம் விடவில்லை. கடல் கொண்டுபோகிறது.

கப்பல் நிஜம். பெயர் சேன் ஜெரான். பூத்ர் தோர் கடற்கரையில் அதற்கு ஒரு நினைவுத்தூண் உண்டு. உள்ளூர்ப் பள்ளியில் தமிழ் சொல்லித் தரும் அக்கா ஒருவர் கூட்டிப்போனார். கையில் சுடச்சுட தால் பூரி. "நாவல்ல டிசம்பர் 25, தம்பி. நிஜமா உடைஞ்சது 1744 ஆகஸ்ட் 17 ராத்திரி" என்றார். ஆகஸ்ட் இங்கே குளிர்காலம், புயல் வருகிற பருவமே இல்லை. பவளப்பாறையில் மோதித்தான் கப்பல் போனது. ஆசிரியருக்குப் புயல் வேண்டியிருந்தது, போல் பார்க்கப் பகல் வெளிச்சம் வேண்டியிருந்தது. சரி, மாற்றிக்கொண்டார்.

அதில் எனக்குச் சண்டை இல்லை. கற்பனையான நாடக வழக்கும் நிஜமான உலகியல் வழக்கும் சேர்ந்துதான் பாடல் என்று தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறார். மதுரை எப்படி எரிந்தது என்று கண்ணகியிடம் யார் கணக்குக் கேட்கிறார்கள்? ஆனால் அந்தக் கப்பல் சர்க்கரை ஆலைக்கான இயந்திரங்களையும் ஏற்றி வந்தது. அடிமைகளும் அதில் இருந்தார்கள். பின்னாளில் நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து வெட்டியதும் அதே கரும்பைத்தான். நாவலின் கப்பலிலோ நம் கண் விர்ஜினியை விட்டு அகலுவதில்லை.

ஆனாலும் ஆசிரியரை முழுசாகக் குறை சொல்ல முடியவில்லை. நாவலின் முன்பகுதியில், தப்பியோடி வந்த ஓர் அடிமைப்பெண்ணைப் பிள்ளைகள் இருவரும் எஜமானிடம் அழைத்துப்போய் மன்னிப்பு வாங்கித் தருகிறார்கள். நல்லது செய்தோம் என்று பூரிப்பு வேறு. அப்புறம் தெரிகிறது, அவளைக் காலில் சங்கிலியோடு மரக்கட்டையில் கட்டி, கழுத்தில் மூன்று கொக்கி வைத்த இரும்பு வளையம் மாட்டியிருக்கிறான். சில வரிகள்தான். அந்தப் புயல் முழுவதையும்விட எனக்கு இது பெரிது. சிலை செய்தவர் கண்ணுக்கு அவள் படவில்லை.

அக்காவிடம் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. "புயல் இல்லேன்னா இந்தப் புத்தகத்தை இத்தனை வருஷம் யாரு படிச்சிருப்பா? அழ வந்தவங்கதான் தம்பி அந்த அடிமைப் பொண்ணையும் பார்த்துட்டுப் போறாங்க."

பார்க்கிறார்களா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.